மூன்றுக்குப் பூஜ்யம் யாருடைய வெற்றி?

திடல் கேள்வி-பதில்: சிறுவர் காற்பந்து

பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டி. பாதிக்கு 20 நிமிடம் என்றார்கள். அட்டவணை தாமதமாகிவிட்டது என்று இரண்டாம் பாதியைப் 12 நிமிடத்தில் முடித்துவிட்டார் நடுவர். 0-1 என்று தோற்றோம். இது சரியா?
– ஒரு தந்தை, கம்போங் மேடான்

சரியில்லை. இரண்டு பாதியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நேரத்தைக் குறைப்பதானால் ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரும் இரு குழுக்களும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். போட்டி விதியும் அதற்கு இடம் தர வேண்டும். நடுவில் குறைப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை. தாராளமாக ஆட்சேப மனு கொடுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 40 நிமிட ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஒதுக்கி அட்டவணை போடாதீர்கள். இடைவேளை இருக்கிறது, வெயிலில் தண்ணீர் குடிக்க நிறுத்த வேண்டும், காலணி நாடா கட்டத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பதினொருவர் ஆட்டத்துக்கு எங்களில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஆறு பேரை வைத்தே ஆடுகிறோம் என்றோம். நடுவர் விடவில்லை.
– குழு நிர்வாகி, பூச்சோங்

ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே கிடையாது. நடுவர் செய்தது சரி.

மழை விட்டுவிட்டது. எங்கோ தூரத்தில்தான் இடி. அதற்குப் போய் அரை மணி நேரம் காக்க வைத்து, கடைசியில் ஆட்டத்தையே ரத்து செய்தார்கள். நாங்கள் 2-0 முன்னணியில் இருந்தோம்!
– பெற்றோர், பிரிக்பீல்ட்ஸ்

தூரத்தில் இருந்தாலும் இடி காதில் விழுந்தால் மின்னல் உங்களை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கடைசி இடி கேட்ட நேரத்திலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் இன்னொன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேரத்து மின்னல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? 2016-இல் மலாக்கா குழுவின் கோல் காவலர் ஒருவர் பயிற்சித் திடலில் மின்னல் தாக்கி உயிரிழந்தார். முழுநேர ஆட்டக்காரருக்கே அந்தக் கதி. உங்கள் பிள்ளையை இரும்புக் கோல் கம்பத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் நடுவரிடம் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

பாதியில் நின்ற ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்பதுதான் பொது விதி. உங்கள் போட்டி விதியில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி.

நடுவர் கொடுத்த பெனால்டி தவறு என்று எங்கள் கோச் பிள்ளைகளைத் திடலை விட்டு வெளியே கூப்பிட்டுவிட்டார். 3-0 தோல்வி என்று அறிவித்துவிட்டார்கள். என் மகன் இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?
– ஒரு தாய், கிள்ளான்

அம்மா, பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. மகனிடம் இதை நீங்களே சொல்லுங்கள். தப்பு முழுவதும் அந்தக் கோச்சுடையது.

பந்து கையில் பட்டதா, கோடு தாண்டியதா, தள்ளினானா, தானாக விழுந்தானா என்பதிலெல்லாம் நடுவர் சொன்னதே முடிவு. மனு எழுதினாலும் மாறாது, வெளியேறினாலும் மாறாது. 2023 மார்ச்சில் இந்தியாவின் ஐஎஸ்எல் போட்டியில் பெங்களூரு ஆட்டக்காரர் சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீகிக்கை ஏற்காமல் கேரளா பிளாஸ்டர்ஸ் குழு திடலை விட்டுப் போனது. வெற்றி பெங்களூருக்கே போனது. மறு ஆட்டம் கேட்ட மனு தள்ளுபடியானது. குழுவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. சம்பளம் வாங்கும் பெரியவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். பதினொரு வயதுப் பிள்ளை வாரம் முழுக்கக் காத்திருந்து, காலையில் சீக்கிரமே எழுந்து ஜெர்சி போட்டுக்கொண்டு வருகிறான். அவனுக்குக் கிடைக்கவிருந்த மீதி ஆட்டத்தைக் கோச் தன் கோபத்துக்காகப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பெனால்டியை உங்கள் கோல் காவலர் தடுத்தும் இருக்கலாமே!

வேறு வகைத் தவறுகளுக்கு மனு கொடுக்கலாம். பதிவு செய்யாத ஆட்டக்காரர், குறைத்த நேரம், வெளியேற்றப்பட்டவர் திரும்ப வந்து ஆடியது போன்றவை. அப்போதும் ஆட்டம் நடக்கட்டும். ஆட்சேபம் இருப்பதை நடுவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். முடிந்ததும் ஆட்டத் தாளில் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கெடு முடிவதற்குள் மனுவையும் கட்டணத்தையும் கொடுத்து ரசீது வாங்குங்கள். உலகக் கிண்ணப் போட்டியிலேயே இரண்டு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு வரை திட்டுவது மனு ஆகாது.

அந்தக் கோச் அடுத்த பயிற்சியில் பிள்ளைகளை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கச் சொல்லுங்கள்.

எதிரணியில் ஒரு பையனுக்கு மீசையே அரும்பியிருக்கிறது. மைகிட் அட்டையைக் காட்டி ஆடிவிட்டான். என்ன செய்வது?
– கோச், தாமான் மேடான்

மீசையை வைத்து வயது சொல்ல முடியாது. ஆனால் மைகிட்டில் படம் இல்லை. யார் அட்டையையும் யாரும் நீட்டலாம். அதனால்தான் படம் ஒட்டி, தலைமையாசிரியர் முத்திரை குத்திய பெயர்ப் பட்டியலை நான் கேட்கிறேன். அதைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே சரிபாருங்கள். தோற்ற பிறகு சந்தேகம் கிளப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பத்திரத்தில் விளையாடினால் எங்கே போய் நிற்கும் என்பதை நம் நாடே பார்த்துவிட்டது. 2025 செப்டம்பரில் ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்களுக்காக பிஃபா மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம் விதித்தது.

இன்னொன்று. 2016-இல் தகுதியில்லாத பொலிவிய ஆட்டக்காரர் மீது சிலி புகார் கொடுத்து, 0-0 ஆட்டத்தை 3-0 ஆக்கிக்கொண்டது. அதே ஆட்டக்காரரால் பெருவின் 0-2 தோல்வியும் 3-0 வெற்றியானது. கடைசியில் இருவருக்கும் 26 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பெரு முந்தி 2018 உலகக் கிண்ணத்துக்குப் போனது, சிலி வீட்டில் இருந்தது. உண்மை இருந்தால் புகார் கொடுங்கள், கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

என் பேரனின் பிறப்பு தாமதமாகப் பதிவானது. பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆட முடியாதா?
– ஒரு பாட்டி, கம்போங் மேடான்

கவலைப்படாதீர்கள் அம்மா. தேசியப் பதிவிலாகா கொடுத்த விண்ணப்ப ரசீதையும் பள்ளியின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஏற்பாட்டாளரை இப்போதே பாருங்கள். ஆட்ட நாள் காலையில் போனால் யாராலும் உதவ முடியாது. நல்ல ஏற்பாட்டாளர் வழி காண்பார். காணாதவர் நடத்தும் போட்டியை விட்டு வேறு போட்டிக்கு அழைத்துப் போங்கள்.

எதிரணி வரவில்லை. 3-0 வெற்றி எங்களுக்கு. பிள்ளைகள் முகமே சரியில்லை.
– குழு நிர்வாகி, ஜாலான் கிள்ளான் லாமா

ஆட விட்டால் சரியாகிவிடும். திடல் ஒரு மணி நேரத்துக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. பக்கத்துக் குழுவில் மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு நட்பு ஆட்டம் வையுங்கள். நடுவரைக் கேட்டால் பெரும்பாலும் ஊதுவார். ஆனால் காத்திருக்கும் நேரம் முழுதும் முடிந்து, அவர் தாளில் எழுதிய பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் எதிரணியின் வேன் வந்து நின்றால், முறையான ஆட்டத்தை ஆடியே ஆக வேண்டும்.