நீல உடுப்பு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். “பட்டாளத்துக்காரங்கன்னு சொன்னீங்க, எல்லாரும் பைஜாமா போட்டுக்கிட்டு நிக்கிறாங்களே மாமா?” என்று கேட்டிருந்தாய். கறுப்பு வெள்ளைப் படம் உன்னை ஏமாற்றிவிட்டது. அந்த உடுப்பு நல்ல நீலம். சட்டை வெள்ளை, டை சிவப்பு. முதல் உலகப் போரில் காயம்பட்டு பிரிட்டன் ஆஸ்பத்திரிகளில் தேறிவந்த சிப்பாய்களின் சீருடை அது.

போர்முனை அகழியிலிருந்து வருகிறவனின் காக்கி முழுக்கச் சேறு, ரத்தம், பேன். வார்டுக்குள் அதை விடமுடியாது. கழற்றிவிட்டு இந்த ஃபிளானல் உடுப்பை மாட்டிவிடுவார்கள். அளவெடுத்துத் தைக்க யாருக்கு நேரம்? ஏதோ சில அளவுகளில் மொத்தமாகத் தைத்தது. இடது ஓரத்தில் நிற்கும் குள்ளமான ஆளைப் பார். கையை மடித்துவிட்டிருக்கிறான், உள்துணியின் வெள்ளை பட்டையாகத் தெரிகிறது. காலிலும் அப்படியே. பக்கத்தில் நிற்கும் நெட்டையனுக்கோ மணிக்கட்டு வெளியே நிற்கிறது.

போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, முதுகில் முடிச்சுப் போடும் பச்சைக் கவுனோடு வராந்தாவைத் தாண்டவே கூசினேன். இவர்கள் இந்தக் கோலத்தில் கடைத்தெருவுக்கே போனார்கள்.

போனால் மரியாதை உண்டு. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டோனில் தொடங்கி, சாதாரண உடையில் திரிந்த இளைஞர்களின் கையில் பெண்கள் வெள்ளை இறகைத் திணித்தார்கள்; ‘நீ கோழை’ என்று அர்த்தம். நீல உடுப்புக்காரனிடம் அந்த இறகு வராது. ஆனால் மதுக்கடையில் அவனுக்கு ஊற்றக்கூடாது என்று தடை. நழுவி ஓடினாலும் ஒரு மைல் தூரத்திலேயே தெரிந்துவிடும். கௌரவமும் காவலும் ஒரே துணியில்.

அதிகாரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தங்கள் சொந்த உடுப்பிலேயே இருந்தார்கள். கையில் சிவப்புக் கிரீடம் பொறித்த வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான். குண்டு தரம் பார்த்துப் பாயவில்லை, தையற்காரன் பார்த்திருக்கிறான். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

படத்தைப் பெரிதாக்கித் தொப்பிகளைப் பார். உடுப்பு ஆஸ்பத்திரியுடையது, தொப்பி மட்டும் அவனவன் படைப்பிரிவுடையது. முன்னால் உள்ள வில்லை தெளிவாகத் தெரிந்தால் வரைந்து அனுப்பு. எந்தப் பிரிவு என்று சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
மாமா