ஓர் ஊர், ஒரு பந்து, ஒரு சங்கம்
(பாலிஹேல் கிராம ஹர்லிங் சங்கத்தின் வரலாறு)

கிராமத்தில் ஒரு சங்கத்தைத் தொடங்குவது எளிது. அதை ஐம்பது ஆண்டுகள் காப்பது அரிது. திறப்பு விழாவன்று தோரணமும் மேளமும் இருக்கும். மூன்றாம் ஆண்டில் பெயர்ப் பலகை மட்டும் எஞ்சி நிற்கும். இக்காட்சியை நாம் பல ஊர்களிலும் கண்டு வருகிறோம். ஆனால் அயர்லாந்து நாட்டிலே, கில்கென்னி மாவட்டத்தில், சில நூறு மக்களே வாழும் பாலிஹேல் என்னும் சிற்றூரின் விளையாட்டுச் சங்கம் அந்நாட்டின் பெருநகரச் சங்கங்களையும் வென்று, தலைமுறை கடந்து நிலைத்திருக்கிறது. அது எவ்வாறு இயன்றது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

விளையாட்டின் தன்மை

ஹர்லிங் என்பது அயர்லாந்தின் மிகப் பழமையான ஆட்டம். பக்கத்திற்கு 15 பேர். ஒவ்வொருவர் கையிலும் நுனி அகன்ற ஒரு மரக்கோல் இருக்கும். அதற்குக் கமான் என்று பெயர். தோலால் போர்த்திய சிறு பந்தை அக்கோலால் தரையிலும் அடிக்கலாம், வானிலும் அடிக்கலாம். இலக்குக் கம்பங்களின் குறுக்குச் சட்டத்திற்குக் கீழே பந்தைச் செலுத்தினால் 3 புள்ளி. மேலே செலுத்தினால் 1 புள்ளி. பெண்கள் ஆடும் இவ்வகை ஆட்டத்திற்குக் காமோகி என்று பெயர். அது 1904-ஆம் ஆண்டில் உருப்பெற்றது. 2018-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஹர்லிங்கை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இத்தகைய ஆட்டமும் ஒரு காலத்தில் அழியும் நிலையில் இருந்தது. 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. பல இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பல இலட்சம் பேர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். வாலிபர் இல்லாத ஊர்களில் ஆட்டம் ஏது? அந்நிய ஆட்சியின் கீழ் ஆங்கிலேயரின் ஆட்டங்களே மதிப்புப் பெற்றன. இந்நிலையை மாற்ற விழைந்த மைக்கேல் குசாக் என்னும் ஆசிரியர், 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தர்லஸ் நகரில் சிலரைக் கூட்டிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அச்சங்கம் கிராமத்தையே அடிப்படையாகக் கொண்டது. பங்கு எனப்படுவது ஒரு மாதா கோவிலைச் சார்ந்த சில சிற்றூர்களின் தொகுதி. பெரும்பாலும் ஒவ்வொரு பங்கும் தனக்கென ஒரு சங்கத்தைக் கொண்டிருக்கும். தன் ஊர்ச் சங்கத்திற்காக ஆடுவதே வழக்கு. இன்றளவும் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. 82,000 பேர் அமரக்கூடிய டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் அரங்கில் ஆடிய வீரரும் மறுநாள் தம் தொழிலுக்குத் திரும்பிவிடுகிறார்.

பெயரை விட்டுக்கொடுத்தவர்கள்

இனி பாலிஹேலுக்கு வருவோம். அப்பங்கைச் சேர்ந்த சிற்றூர்களில் முன்னர் தனித்தனி அணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தன் பெயரும் தன் பழங்கதையும் உண்டு. ஆனால் சிற்றூர் ஒவ்வொன்றிலும் வலிமையான பதினைந்து வாலிபர்களைத் திரட்டுவது எளிதன்று. 1972-ஆம் ஆண்டில் இவர்கள் ஒன்றாகி, ஒரே சங்கமாயினர். பாலிஹேலின் பெயரோடு அயர்லாந்தின் சின்னமாகிய மூவிலைச் செடியின் பெயரும் சேர்ந்து, 'பாலிஹேல் ஷாம்ராக்ஸ்' என்று அச்சங்கம் வழங்கலாயிற்று.

இதனை நாம் எளிதாகக் கருதலாகாது. தந்தையும் பாட்டனாரும் ஆடிய அணியின் பெயரை விட்டுவிடுவது மனத்திற்கு நோவு தருவதே. ஆயினும் அந்நோவின் பயன் விரைவில் தெரிந்தது. ஆறே ஆண்டுகளில், 1978-இல், மாவட்டத்தின் முதன்மைப் பட்டம் கிட்டியது. 1981-இல் அகில அயர்லாந்துச் சங்கப் போட்டியில் கார்க் நகரத்தின் புகழ்பெற்ற சங்கத்தை வென்று முதற்பரிசு பெற்றனர். ஃபென்னலி குடும்பத்தின் சகோதரர் எழுவர் அவ்வணியில் ஆடினர். அதன் பின் 1984, 1990, 2007, 2010, 2015, 2019, 2020, 2023 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி பெற்றனர். இங்ஙனம் ஒரு சிற்றூர் ஒன்பது முறை நாட்டின் முதலிடத்தை அடைந்தது.

தோல்வியும் ஒரு பாடம்

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்த இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில் பாலிஹேல் 2 புள்ளிகள் முன்னணியில் நின்றது. கடைசி நொடிகளில் எதிர் அணியாகிய பாலிகன்னர் 3 புள்ளி பெறும் அடியை அடித்து, ஒரே புள்ளியில் வென்றது. கையில் வந்த பரிசு நழுவிற்று. இத்தகைய தருணங்களிலேதான் சங்கங்கள் பிளவுபடுகின்றன. 'உன்னால் தோற்றோம்' என்ற சொல் ஊரை இரண்டாக்கும். ஆனால் பாலிஹேல் சங்கத்தார் பிரியவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்து பட்டத்தை மீட்டனர்.

நிலைத்ததன் காரணங்கள்

முதலாவது, சிறுவர்களைப் பேணுதல். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனி அணி உண்டு. கோலைப் பிடிக்கத் தெரிந்த நாள் முதலே பிள்ளை சங்கத்தைச் சேர்ந்தவன் ஆகிறான்.

இரண்டாவது, வளர்ந்தோர் திரும்பி வருதல். இவ்வூரின் ஹென்றி ஷெஃப்லின் கில்கென்னி மாவட்ட அணியில் ஆடிப் பத்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்றவர். அவர் ஓய்வு பெற்றபின் தம் ஊர்ச் சங்கத்தின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். 2019, 2020 வெற்றிகள் அவர் பொறுப்பில் கிட்டியவை.

மூன்றாவது, ஒழுங்கான நிர்வாகம். கேலிக் சங்கங்களில் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூடும். தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் ஆகியோர் தேர்ந்தெடுக்கப்படுவர். வரவு செலவு சபை முன் வைக்கப்படும்.

குடியானவர் கவனத்திற்கு மற்றொன்று. கமான் செய்ய உதவுவது ஆஷ் என்னும் மரத்தின் அடிப்பகுதி. அங்கே நார் வளைந்து ஓடுவதால் கோல் எளிதில் முறியாது. 2012-இல் அம்மரங்களில் ஒரு பூசண நோய் அயர்லாந்தில் கண்டறியப்பட்டு, எங்கும் பரவிவிட்டது. கோலுக்கு மூங்கில் முதலிய மாற்றுப் பொருள்களை இன்று நாடுகின்றனர். நிலத்திற்கு நேரும் கேடு விளையாட்டையும் தொடும் என்பதற்கு இது சான்று.

நாம் ஆலோசிக்க வேண்டியவை

நம் ஊராட்சிகளிலும் மேலத்தெருவுக்கு ஒரு மன்றம், கீழத்தெருவுக்கு ஒரு மன்றம் என்றிருந்து, இரண்டும் பூட்டிக் கிடப்பதைக் காண்கிறோம். ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பின்வரும் வினாக்களைத் தம் கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்களாக:

1. நம் ஊராட்சியின் சிற்றூர்களில் தனித்தனியே நலிந்து கிடக்கும் மன்றங்கள் எவை? அவை ஒன்றுபடத் தடையாக இருப்பது பெயரா, பகையா, சாதி வேற்றுமையா?
2. எல்லாத் தெருப் பிள்ளைகளும், பெண் பிள்ளைகள் உட்பட, தடையின்றி ஆடத்தக்க பொது மைதானம் நம்மிடம் உண்டா?
3. மன்றத்தின் வரவு செலவு கடைசியாக ஊரார் முன் படிக்கப்பட்டது எப்போது?

கட்டடமும் நிதியும் சர்க்காரால் தர இயலும். பெயரை விட்டுக்கொடுக்கும் மனத்தை ஊரார்தாம் தர வேண்டும்.