ஆங்கிலப் பாடம்: இறந்தகாலத் தொடர்வினை

துணி நெய்வதற்கும் பருத்தி விளைவிப்பதற்கும் ஆங்கிலம் எதற்கு என்று நம் அங்கத்தினருள் கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், வெளி மாநிலத்து வியாபாரிக்குச் சரக்குத் தாமதமான காரணத்தை எழுதவும், காப்புறுதிக் கம்பெனிக்கு நஷ்டத்தை விளக்கவும், பாங்கியிலிருந்து வந்த கடிதத்திற்கு மறுமொழி விடுக்கவும் அம்மொழி நமக்குத் தேவைப்படுகின்றது. இத்தகைய கடிதங்களில் ஒரு வினைச்சொல் பிழைபட்டால் பொருளே மாறிவிடும்; சில வேளைகளில் வரவேண்டிய பணமும் வாராது போகும்.

சாயமிட்ட நூலை வெயிலில் உலர்த்தியிருக்கிறோம். எதிர்பாராது மழை பெய்து நூல் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதனை எழுதப் புகும் ஒருவர், 'தி யார்ன் டிரைட் வென் தி ரெயின் கேம்' என்று எழுதுகிறார். படிப்பவர் இதனை எவ்வாறு கொள்வார்? 'மழை வந்தது, அதன்பின் நூல் உலர்ந்தது' என்றே கொள்வார். உலர்ந்த நூலுக்கு நஷ்டஈடு ஏது? அவர் எழுதியிருக்க வேண்டியது, 'தி யார்ன் வாஸ் டிரையிங் வென் தி ரெயின் கேம்' என்பதாகும். 'நூல் உலர்ந்துகொண்டிருந்தது, அவ்வேளையில் மழை வந்தது' என்பது இதன் பொருள். 'வாஸ் டிரையிங்' என்னும் இவ்வடிவமே இறந்தகாலத் தொடர்வினை. இதனை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

1. அமைப்பு

தமிழில் 'நெய்துகொண்டிருந்தேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. முதலாவது 'வாஸ்' அல்லது 'வேர்'. இரண்டாவது, 'இங்' என்னும் இறுதி சேர்ந்த வினை. இரண்டனுள் ஒன்று குறைந்தாலும் தொடர்வினை அமையாது.

தமிழ் வினையின் ஈறு திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும். ஆங்கிலத்தில் அவ்வளவு வேற்றுமை இல்லை. நான், அவன், அவள், அது ஆகியவற்றுக்கு 'வாஸ்' வரும். நாம், நீ, நீங்கள், அவர்கள், அவை ஆகியவற்றுக்கு 'வேர்' வரும்.

ஐ வாஸ் வீவிங் — நான் நெய்துகொண்டிருந்தேன்.
ஷி வாஸ் வீவிங் — அவள் நெய்துகொண்டிருந்தாள்.
வி வேர் வீவிங் — நாங்கள் நெய்துகொண்டிருந்தோம்.
தே வேர் வீவிங் — அவர்கள் நெய்துகொண்டிருந்தார்கள்.

'யூ' என்பது ஒருவரைக் குறித்தாலும் பலரைக் குறித்தாலும் 'வேர்' என்றே வரும் என்பதை நினைவிற் கொள்க.

எதிர்மறைக்கு 'நாட்' என்பதை இடையில் வைத்தால் போதும்: 'ஐ வாஸ் நாட் வீவிங்'. வினாவிற்கு முதல் உறுப்பை முன்னே கொணர்க: 'வேர் யூ வீவிங்?' இங்கே 'டிட்' என்னும் சொல்லுக்கு இடமில்லை. 'டிட் யூ வீவிங்?' என்பது பிழை.

2. எழுத்துக்கூட்டு

'வீவ்' என்னும் சொல்லின் இறுதியில் ஒலியாது நிற்கும் 'இ' எழுத்து, 'வீவிங்' ஆகும்போது மறையும். 'கட்', 'ஸ்பின்' போன்ற சிறு சொற்களில் இறுதி மெய்யெழுத்து இரட்டிக்கும். 'கட்டிங்' என்பதில் 'டி' எழுத்தும், 'ஸ்பின்னிங்' என்பதில் 'என்' எழுத்தும் இரண்டாக வரும்.

சாயத்தொழில் செய்வோர் ஒரு சொல்லில் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சாயமிடுதலைக் குறிக்கும் 'டை' என்பதை 'டி, ஒய், இ' என்று எழுதுகிறோம். இதனுடன் 'இங்' சேரும்போது 'இ' மறையாது நிற்கும். இறத்தலைக் குறிக்கும் 'டை' என்பதோ 'டி, ஐ, இ' என்று எழுதப்படுவது. 'இங்' சேரும்போது அது 'டி, ஒய்' என்று மாறிப் பின் 'இங்' பெறும். இரண்டும் 'டையிங்' என்றே ஒலிக்கும். ஆதலின் முன்னதில் 'இ' ஒன்றை விட்டுவிட்டால், 'ஆட்கள் சாயமிட்டுக்கொண்டிருந்தனர்' என்று நாம் எழுத நினைத்தது 'ஆட்கள் இறந்துகொண்டிருந்தனர்' என்று முடியும். ஓரெழுத்தால் வரும் வேறுபாடு இது.

3. நீண்ட செயலும் இடையில் வந்த செயலும்

இத்தொடர்வினையின் தலையாய பயன், இரு செயல்களுள் எது முன்னரே நடந்துகொண்டிருந்தது, எது இடையில் வந்தது என்று காட்டுவதாகும். தறியில் பாவு நீண்டு கிடக்கின்றது. ஊடை அதன் குறுக்கே பாய்கின்றது. அதுபோல நீண்ட செயலுக்குத் தொடர்வினையும், குறுக்கே வந்த செயலுக்குத் தனி இறந்தகாலமும் வரும்.

'வென் தி ஆடிட்டர் கேம், வி வேர் கவுன்டிங் தி கிளாத்' என்றால், தணிக்கையாளர் வருவதற்கு முன்னரே துணியை எண்ணத் தொடங்கியிருந்தோம் என்பது பொருள். 'வென் தி ஆடிட்டர் கேம், வி கவுன்டெட் தி கிளாத்' என்றால், அவர் வந்த பின்னரே எண்ணினோம் என்பது பொருள். இரண்டும் இலக்கணப்படி சரியான வாக்கியங்களே. ஆனால் நடந்தது எதுவோ அதற்குரியதைத்தான் எழுதவேண்டும்.

இரு நீண்ட செயல்கள் ஒரே வேளையில் நடந்திருப்பின் 'வைல்' என்னும் சொல்லை இட்டு, இரண்டையும் தொடர்வினையாக எழுதலாம்: 'வைல் ஐ வாஸ் வீவிங், மை ஒய்ஃப் வாஸ் வைண்டிங் யார்ன்' — நான் நெய்துகொண்டிருந்தபோது என் மனைவி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

குறித்த ஒரு நேரத்தில் நடந்துகொண்டிருந்ததைச் சொல்லவும் இது வரும்: 'வி வேர் வாட்டரிங் தி ஃபீல்ட் அட் ஃபைவ் ஓ கிளாக்' — 5 மணிக்கு நாங்கள் வயலுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தோம்.

4. முடிந்ததும் முடியாததும்

தொடர்வினை, செயல் முடிந்ததென்று சொல்வதில்லை. 'ஐ வாஸ் வீவிங் எ சாரி யெஸ்டர்டே' என்பதனால் சேலை அறுத்து எடுக்கப்பட்டதா, இன்னும் தறியில் உள்ளதா என்பது விளங்காது. 'ஐ வோவ் எ சாரி யெஸ்டர்டே' என்றால் சேலை முடிந்தது.

கடன் விவகாரத்தில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. கடன் முழுவதையும் தீர்த்துவிட்ட ஒருவர், 'ஐ வாஸ் ரிப்பேயிங் தி லோன்' என்று எழுதினால், 'கட்டிக்கொண்டிருந்தார். தீர்த்தாரோ இல்லையோ' என்று படிப்பவர் ஐயுறுவர். அவர் 'ஐ ரிப்பெய்ட் தி லோன்' என்று எழுதுதல் வேண்டும். பாக்கி உள்ளவர் 'ரிப்பெய்ட்' என்று எழுதுவதும் அவ்வாறே தவறு. செய்யாததைச் செய்ததாகக் கூறியது போலாகும்.

5. தமிழ் வழக்கால் நேரும் பிழைகள்

'கொண்டிருந்தேன்' என்று தமிழில் வருமிடமெல்லாம் ஆங்கிலத்தில் தொடர்வினை வாராது. இரண்டு இடங்களைக் கவனிக்க.

முதலாவது, உடைமை. 'இரண்டு தறி வைத்துக்கொண்டிருந்தேன்' என்பதை 'ஐ வாஸ் ஹேவிங் டூ லூம்ஸ்' என்று எழுதுவோர் பலர். 'ஐ ஹேட் டூ லூம்ஸ்' என்பதே சரி. உடைமை ஒரு நிலை, செயலன்று. அறிதல், தேவைப்படுதல், உரியதாதல் ஆகியவையும் நிலைகளே. ஆதலின் 'ஐ வாஸ் நோயிங்' என்று எழுதலாகாது. 'ஐ நியூ' என்க. தமிழிலும் 'எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது' என்று நாம் சொல்வதில்லை அன்றோ? ஆனால் உண்பதைக் குறிக்கும்போது 'ஹேவ்' என்பது செயலாகிவிடுமாதலின், 'வி வேர் ஹேவிங் லன்ச்' என்பது பிழையன்று.

இரண்டாவது, பழைய வழக்கம். 'முன்னாளில் வாரந்தோறும் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம்' என்பது, ஒரு வேளையில் நடந்துகொண்டிருந்த செயலன்று. பல முறை நடந்த வழக்கம். இதற்கு 'வி யூஸ்ட் டு கோ டு தி மார்க்கெட் எவ்ரி வீக்' என்று எழுதுக.

6. செயப்பாட்டு வினை

'துணி நெய்யப்பட்டுக்கொண்டிருந்தது' என்பதற்கு, 'தி கிளாத் வாஸ் பீயிங் வோவன்' என்று 'பீயிங்' சேர்த்து எழுதவேண்டும். 'தி கிளாத் வாஸ் வீவிங்' என்றால், துணி தானே எதையோ நெய்துகொண்டிருந்தது போலாகும்.

முற்கால ஆங்கிலேயர், கட்டப்பட்டுக்கொண்டிருந்த வீட்டை 'தி ஹவுஸ் வாஸ் பில்டிங்' என்றே கூறினர். 'வாஸ் பீயிங் பில்ட்' என்னும் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் தோன்றியது. 19ஆம் நூற்றாண்டில் இலக்கணகாரர் சிலர் இதனை அழகற்றதென்று கடிந்தனர். ஆயினும் பொருள் தெளிவாக இருந்தமையால் மக்கள் வழக்கில் அது நிலைபெற்றது. சரக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட வியாபாரிக்கு, 'வென் யுவர் லெட்டர் கேம், தி கிளாத் வாஸ் பீயிங் பேக்ட்' என்று எழுதினால், அவர் கடிதம் வந்தபோதே துணி கட்டுக்கட்டப்பட்டுக்கொண்டிருந்தது என்பது ஐயமின்றி விளங்கும்.

பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே விடைகளைப் பார்க்கவும். எல்லாவற்றிற்கும் தொடர்வினை வாராது.

1. மின்சாரம் நின்றபோது தறி ஓடிக்கொண்டிருந்தது.
2. அதிகாரி வந்தபோது நாங்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.
3. அவர்கள் நூல் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.
4. சென்ற ஆண்டு நான் மூன்று தறி வைத்துக்கொண்டிருந்தேன்.
5. சென்ற மாதம் நாங்கள் 40 சேலைகளை நெய்து முடித்தோம்.

விடைகள்

1. தி லூம் வாஸ் ரன்னிங் வென் தி பவர் ஃபெயில்ட்.
2. வி வேர் பிக்கிங் காட்டன் வென் தி ஆபீஸர் கேம்.
3. தே வேர் நாட் வைண்டிங் யார்ன்.
4. ஐ ஹேட் த்ரீ லூம்ஸ் லாஸ்ட் இயர்.
5. வி வோவ் ஃபார்ட்டி சாரீஸ் லாஸ்ட் மன்த்.

ஆங்கிலக் கடிதம் எழுதுமுன், ஒவ்வொரு வினைக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்க: இது முடிந்த செயலா, அவ்வேளையில் நடந்துகொண்டிருந்த செயலா? விடை தெளிவானால் வடிவம் தானே வரும். சங்கக் காரியாலயத்திற்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை இருவர் மூவர் கூடி வாசித்து, அவற்றில் இத்தொடர்வினை வருமிடங்களைக் குறித்துப் பார்ப்பின் பழக்கம் விரைவில் கைகூடும். தறியில் கை பழகியது போலவே மொழியிலும் கை பழகவேண்டும். நாள்தோறும் சிறிது எழுதுவோர்க்கு அது அரிதன்று.