ஐந்தடி மூன்றங்குலம்

நுழையும்முன்

கூடைப்பந்து உயரமானவர்களுக்கே உரிய ஆட்டம் என்பது பலரது எண்ணம். கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருப்பதால் அவ்வெண்ணம் முற்றிலும் தவறன்று. ஆயினும், 5 அடி 3 அங்குல உயரமே உடைய ஒருவர், என்.பி.ஏ. என்னும் அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரில் 14 பருவங்கள் ஆடினார். அது எவ்வாறு இயன்றது?

பாடம்

டைரோன் கர்டிஸ் போக்ஸ் 1965ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தார். வறியோர்க்கென அரசு கட்டிய குடியிருப்பில் வளர்ந்தார். ஆங்கிலத்தில் ‘மக்’ என்னும் சொல்லுக்கு வழிப்பறி செய்தல் என்றும் பொருள் உண்டு. பிறரிடமிருந்து பந்தைப் பறிப்பதில் வல்லவராதலால், நண்பர்கள் அவரை ‘மக்சி’ என்று அழைத்தனர். அப்பெயரே நிலைத்தது. அவர் ஆடிய டன்பார் உயர்நிலைப்பள்ளி அணி, 1981 முதல் 1983 வரையிலான இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

உயரத்தை முயற்சியால் கூட்ட இயலாது. எனவே, உயரம் பயன்படாத இடம் ஆடுகளத்தில் எங்கே உள்ளது என்பதே போக்ஸின் முன் நின்ற வினா. விடை தரையில் இருந்தது. பந்துடன் ஓடுபவர் அதனைத் தரையில் தட்டிக்கொண்டே செல்லவேண்டும் என்பது விதி. நெடியவர் தட்டும் பந்து, கைக்கும் தரைக்கும் இடையே நெடுந்தொலைவு சென்று மீள்கிறது. அவ்விடைவெளியில் போக்ஸின் கை புகுந்து பந்தைப் பறித்தது. அவர் தட்டும் பந்தோ தாழவே எழுந்து தாழவே வீழ்ந்தது. அதைப் பறிக்க நெடியவர் குனியவேண்டும். குனிந்து நிமிர்வதற்குள் அவர் கடந்து சென்றுவிடுவார்.

1987ஆம் ஆண்டு வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவ்வணியில் 7 அடி 7 அங்குல உயரமுடைய மனூட் போல் என்பவரும் இருந்தார். இருவரையும் அருகருகே நிறுத்திப் படம் எடுத்தனர், கண்டோர் வியந்தனர். ஆயினும், ஒரு பருவத்திற்குப்பின் அவ்வணி போக்ஸைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. 1988இல் புதிதாகத் தோன்றிய சார்லட் ஹார்னெட்ஸ் அணி அவரை ஏற்றது.

அங்கேதான் அவரது திறன் முழுமையாக வெளிப்பட்டது. தாம் பந்தை எறிந்து புள்ளி பெறுவதினும், எறியத்தக்க இடத்தில் நிற்கும் தோழருக்குப் பந்தை வழங்குவதையே அவர் முதற்பணியாகக் கொண்டார். புள்ளிக்கு வழிவகுக்கும் அவ்வழங்கலை ‘அசிஸ்ட்’ என்பர். 889 ஆட்டங்களில் அவர் வழங்கிய அசிஸ்டுகள் 6,726. பறித்த பந்துகள் 1,369. ஹார்னெட்ஸ் அணியின் வரலாற்றில் மிகுதியான அசிஸ்டுகளை வழங்கியவர் இன்றும் அவரே.

குள்ளமாக இருந்ததன் இழப்பு இல்லாமல் போகவில்லை. வளையத்தின் அருகே நெடியவர்கள் அவர் தலைக்கு மேலாகப் பந்தை எறிந்தனர். எதிரணியினர் எறிந்த பந்தை அவர் தடுத்தது, தம் ஆட்டக்காலம் முழுவதிலும் 39 முறையே. எனினும், 1993இல் அவ்வாறு தடுக்கப்பட்டோருள் ஒருவர் 7 அடி உயரமுடைய பாட்ரிக் யூவிங்!

மாணவர்களே, போக்ஸ் தம் உயரத்தை மறைக்கவில்லை. நெடியவர்போல் ஆடவும் முயலவில்லை. தம் உடலுக்கு ஏற்ற ஆட்டத்தைக் கண்டறிந்து, அதில் தேர்ந்தார். எல்லாக் குறைகளும் நீக்கத்தக்கன அல்ல. சில குறைகளுக்கு அவை பயன்படும் இடத்தைத் தேடித் தரவேண்டும்.

அருஞ்சொற்பொருள்

வறியோர் – ஏழைகள்
நெடியவர் – உயரமானவர்
பருவம் – ஆட்டத்தொடர் நடைபெறும் காலம்
தேர்ந்தார் – திறமை பெற்றார்

இலக்கணம் அறிவோம்

‘அன்று’ ஒருமைக்கும் ‘அல்ல’ பலவின்பாலுக்கும் உரியவை.
எ.கா.: எண்ணம் தவறன்று, குறைகள் நீக்கத்தக்கன அல்ல.

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக.
அ) இஃது எளிய செயல் ______.
ஆ) இவை என் நூல்கள் ______.

2. போக்ஸ் தட்டிய பந்தைப் பறிப்பது நெடியவர்க்கு ஏன் அரிதாயிற்று?

3. ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ – இப்பழமொழி போக்ஸுக்கு எவ்வாறு பொருந்துகிறது?

4. உம்மிடம் குறை எனப் பிறர் கருதும் ஒன்று, எந்த இடத்தில் நிறையாகக்கூடும்? ஐந்து வரிகளில் எழுதுக.