எட்டில் ஒன்று: சலாண்டிட் என்ற நச்சுப் பல்லியின் கணக்கு

போக்கிமான் ஆடுகிற யாரிடமாவது போய், "என் சலாண்டிட் 40ஆம் லெவல் தாண்டிடுச்சு, இன்னும் எவால்வ் ஆகலையே" என்று சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "ஆணா, பெண்ணா?"

ஆண் என்றால் விஷயம் அதோடு முடிந்தது. 100ஆம் லெவல் வரை வளர்த்தாலும் அது அப்படியேதான் இருக்கும். பெண் சலாண்டிட் மட்டும்தான் 33ஆம் லெவலில் சலாசில் ஆக மாறும். பிறக்கும் சலாண்டிட்டுகளில் 87.5 சதவீதம் ஆண், 12.5 சதவீதம் பெண். அதாவது எட்டில் ஒன்று. நம் செமஸ்டரில் வரும் ப்ராபபிலிட்டி பேப்பரில் பாதியை இந்த ஒரு எண்ணை வைத்தே படித்துவிடலாம். அதைத்தான் இங்கே செய்யப் போகிறோம்.

ஆடாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். சலாண்டிட் 2016 நவம்பரில் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்த போக்கிமான் சன், மூன் ஆட்டங்களில் அறிமுகமான பல்லி. போக்கெடெக்ஸ் எண் 757. நஞ்சு, தீ என்று இரண்டு வகை சேர்ந்தது. 60 சென்டிமீட்டர் நீளம், 4.8 கிலோ எடை. உடம்புத் திரவத்தை எரித்து நச்சுப் புகை உண்டாக்கும், அதை மூச்சில் இழுத்த எதிரி தலைசுற்றி நிற்கும்போது தாக்கும். ஹவாய் தீவுகளை மாதிரியாக வைத்து உருவாக்கிய அலோலாவில், வேலா எரிமலைப் பூங்காவிலும் அதன் பக்கத்து 8ஆம் சாலையிலும் கிடைக்கும். பேரைக் கேட்டாலே புரியும், சாலமாண்டரும் பாண்டிட்டும் சேர்ந்த கலவை.

சாலமாண்டருக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், அது ஐரோப்பாவின் பழைய கட்டுக்கதை. ஈர மரக்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் பிராணி, கட்டையை அடுப்பில் போட்டதும் வெளியே ஓடி வரும். பார்த்தவர்கள் நெருப்பிலிருந்தே பிறந்ததாக நினைத்தார்கள். முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, அது நெருப்பையே அணைக்கும் அளவுக்குக் குளிர்ச்சியானது என்று எழுதி வைத்தார். நிஜ சாலமாண்டர் பல்லியே இல்லை, தவளை இனத்துக்குச் சொந்தக்கார நீர்நில வாழ்வி. ஆனால் நஞ்சு மட்டும் உண்மை. ஐரோப்பிய ஃபயர் சாலமாண்டரின் தோலில் சாமண்டரின் என்ற நச்சு சுரக்கிறது. கட்டுக்கதையிலிருந்து தீயையும், நிஜ விலங்கிலிருந்து நஞ்சையும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நல்ல ஒட்டு.

சரி, கணக்குக்கு வருவோம்.

காட்டு சலாண்டிட் எதிரே வந்ததும் அதன் பெயர்ப் பலகையிலேயே ஆண், பெண் குறி தெரிந்துவிடும். அதனால் எத்தனை பிடிக்க வேண்டும் என்பது கேள்வி இல்லை, எத்தனை பார்க்க வேண்டும் என்பதுதான். எட்டில் ஒன்று என்றால் சராசரியாக எட்டு. இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்த "சராசரி எட்டு" என்பதை "எட்டுக்குள் கிடைச்சிடும்" என்று படிப்பதில்தான் சிக்கல்.

ஒருமுறை பார்க்கும்போது ஆணாக இருக்க வாய்ப்பு 7/8. எட்டு முறையும் ஆணாகவே இருக்க, 7/8 என்பதை எட்டு முறை பெருக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 0.34. அறுபது பேர் உள்ள ஒரு வகுப்பே சேர்ந்து ஆடினால், ஆளுக்கு எட்டு சலாண்டிட் பார்த்த பிறகும் இருபது பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். யாரும் சதி செய்யவில்லை, கேம் கெட்டுப்போகவும் இல்லை. எண் அப்படித்தான்.

பாதிக்குப் பாதி வாய்ப்பு தாண்ட ஆறு போதும். 90 சதவீதம் நிச்சயம் வேண்டும் என்றால் 18. 95க்கு 23. 99க்கு 35. கால்குலேட்டரில் லாக் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்: 0.01இன் லாக்கை 0.875இன் லாக்கால் வகுத்தால் 34.5 வரும், அதற்கு மேலுள்ள முழு எண் 35. ஆறு பார்த்ததும் கிடைத்தவனும் முப்பத்தைந்து பார்த்தவனும் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தால் என்ன பேச்சு நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாடப்புத்தக மொழியில் இது ஜியோமெட்ரிக் டிஸ்ட்ரிப்யூஷன். சராசரி 8, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கிட்டத்தட்ட 7.5. பரவல் சராசரிக்குச் சமமாக இருக்கிறது என்றால், அந்தச் சராசரியை நம்பி எதையும் திட்டமிட முடியாது என்று அர்த்தம்.

இதே டிஸ்ட்ரிப்யூஷனுக்கு இன்னொரு குணம் உண்டு, அதுதான் பலருக்கும் வயிற்றில் புளியைக் கரைப்பது. அதற்கு ஞாபகசக்தி கிடையாது. "இருபது ஆண் பார்த்தாச்சு மச்சி, அடுத்தது கண்டிப்பா பெண்தான்" என்பவனுக்கு அடுத்ததில் பெண் வர வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். இன்னும் சராசரியாக எட்டு பார்க்க வேண்டும், முதல் நாள் ஆரம்பித்தவனைப் போலவே. கழிந்த இருபதும் கணக்கில் சேராது.

சலாண்டிட் தேடுவதில் செலவாவது நேரம் மட்டும்தான். ஆனால் காசு கட்டிப் பெட்டி திறக்கும் மொபைல் கேம்களிலும் ஓடுவது இதே சூத்திரம். உதாரணத்துக்கு, ஒரு பெட்டி 100 ரூபாய், வேண்டிய பாத்திரம் வர வாய்ப்பு எட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சராசரிச் செலவு 800 ரூபாய். ஆனால் நூற்றுக்கு ஒன்பது பேர் 1800 ரூபாய்க்கு மேல் போட்டிருப்பார்கள். அந்த ஒன்பது பேரும் ஒவ்வொரு முறையும் "இவ்ளோ போட்டாச்சு, இப்ப நிறுத்தினா வீண்" என்றுதான் நினைத்திருப்பார்கள். சில கேம்களில் இத்தனையாவது முறை கட்டாயம் தருவோம் என்ற விதி இருக்கும், அங்கே மட்டும்தான் பழைய முயற்சிகளுக்கு மதிப்பு. அந்த விதி இருக்கிறதா என்று பார்க்காமல் காசு போடுவதும் சூத்திரம் தெரியாமல் பரீட்சைக்குப் போவதும் ஒன்று. சீனா 2017இலிருந்து இந்த வாய்ப்பு எண்களை வெளியிட வேண்டும் என்று கேம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. எண்ணை வெளியிட்டால் மட்டும் போதுமா, படிக்கிறவனுக்கு அதை வைத்துக் கணக்கு போடத் தெரிய வேண்டாமா என்பது வேறு விஷயம்.

சலாண்டிட்டுக்குக் குறுக்குவழி உண்டு. க்யூட் சார்ம் என்ற திறன் உள்ள போக்கிமானை அணியில் முதல் ஆளாக நிறுத்தினால், எதிர்ப்படும் காட்டு போக்கிமான் மூன்றில் இரண்டு முறை எதிர்ப்பாலாக வரும். க்யூட் சார்ம் உள்ள ஆண் ஜிக்ளிபஃப் ஒன்று போதும். எட்டில் ஒன்று மூன்றில் இரண்டாகிறது. சராசரி 8இலிருந்து 1.5க்கு இறங்குகிறது. 99 சதவீத நிச்சயத்துக்கு 35 பார்க்க வேண்டிய இடத்தில் 5 போதும். ஆனால் முட்டையில் இது செல்லாது. வீட்டில் வளர்த்துக் குஞ்சு பொரித்தால் அதே பழைய எட்டில் ஒன்றுதான்.

சலாசில் கதைக்கு வருவோம். போக்கெடெக்ஸ் சொல்வது: சலாசிலில் பெண் மட்டுமே உண்டு. ஃபெரோமோன் வாயுவால் ஆண் சலாண்டிட்டுகளை மயக்கித் தன் கூட்டமாக வைத்துக்கொள்ளும். இரண்டு சலாசில் போட்டி போட்டால், யாரிடம் ஆண்கள் அதிகமோ அதற்கே வெற்றி. எட்டில் ஒன்று பெண் என்றால் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏழு ஆண்கள். ஒருத்தி பதினான்கு பேரைச் சேர்த்தால், வேறொருத்தி ஒருவரும் இல்லாமல் நிற்க வேண்டும். போட்டியின் விதி அந்த விகிதத்திலேயே ஒளிந்திருக்கிறது. சன், மூன் ஆட்டத்தில் கியாவே வைக்கும் சோதனையில் வரும் பெரிய டோட்டம் சலாசிலும் துணைக்கு சலாண்டிட்டைத்தான் கூப்பிடும். ஆனால் அதன் லெவல் வெறும் 22. நமக்கு 33 என்று சட்டம் போட்டுவிட்டு அவர்கள் 22லேயே கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேட்க முடியுமா?

நிஜ இயற்கையில் இப்படி ஏழுக்கு ஒன்று விகிதம் நிலைக்குமா? பொதுவாக நிலைக்காது. 1930இல் ரொனால்ட் ஃபிஷர் தன் புத்தகத்தில் விளக்கிய காரணம் எளிமையானது. 700 ஆண், 100 பெண் உள்ள ஒரு கூட்டத்தை எடுங்கள். பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு அப்பா, ஒரு அம்மா. ஆகவே சராசரிப் பெண்ணுக்கு சராசரி ஆணைவிட ஏழு மடங்கு குட்டிகள். இந்த நிலையில் பெண் குட்டிகளை அதிகம் ஈனும் தாய்க்குப் பேரப்பிள்ளைகள் பெருகும். அவளுடைய அந்தக் குணம் தலைமுறைக்குத் தலைமுறை பரவும். ஆணும் பெண்ணும் சமமாகும் வரை இந்த இழுப்பு நிற்காது. ஒரே ஆண் டஜன் கணக்கில் பெண்களை வைத்துக்கொள்ளும் யானை சீல்களிலேயே பிறக்கும்போது ஆண், பெண் ஏறக்குறைய சரிபாதிதான். முதலை முட்டைகளில் குரோமோசோம் இல்லாமல் கூட்டின் வெப்பமே ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதால், ஒரே கூட்டில் எல்லாமே ஒரே பாலாக வருவதும் உண்டு. எரிமலைப் பல்லிக்கு அந்தச் சாக்கைச் சொல்லியிருக்கலாம், கேம் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால் 2006இல் வந்த கோம்பீ என்ற தேனீ போக்கிமானுக்கும் இதே 87.5 ஆண், அதிலும் பெண் மட்டுமே மாறும். நிஜத் தேன்கூட்டில் பெரும்பாலானவை பெண் வேலைக்காரத் தேனீக்கள். அங்கேயும் தலைகீழ்.

இவ்வளவு தேடியபின் கிடைக்கும் சலாசில் அந்த உழைப்புக்குத் தகுதியானதா? மொத்தப் புள்ளி 320இலிருந்து 480 ஆகிறது. வேகம் 117, ஸ்பெஷல் அட்டாக் 111. தற்காப்பு 60தான், அதிலும் நிலம் வகைத் தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். ஒரு எர்த்க்வேக் பட்டால் கதை முடிந்தது. முந்தி அடித்தால்தான் உண்டு. ஆனால் அதற்கு இருக்கும் கரோஷன் என்ற திறன் அதுவரை வேறு யாருக்கும் இல்லாதது. முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் படித்த அதே கரோஷன்தான்.

போக்கிமானில் எஃகு வகைக்கு நஞ்சு ஏறாது. இதில் இரண்டு தனித்தனி விதிகள் இருக்கின்றன, நிறையப் பேர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நஞ்சு வகைத் தாக்குதலால் எஃகுக்குச் சேதம் வராது என்பது ஒன்று. எஃகு போக்கிமானுக்கு நஞ்சேறிய நிலை வராது என்பது இன்னொன்று. கரோஷன் உடைப்பது இரண்டாவதை மட்டும். சலாசில் எஃகு மேல் வெனோஷாக் அடித்தால் இன்றைக்கும் சேதம் சுழிதான். டாக்ஸிக் போட்டால் மட்டும் நஞ்சு ஏறும். நஞ்சு வகைப் போக்கிமானுக்கும் அதேபோல டாக்ஸிக்கால் நஞ்சு ஏறும்.

ஏறிய பிறகு நடப்பது ஒரு அழகான தொடர். சாதாரண நஞ்சு ஒவ்வொரு சுற்றிலும் ஹெச்.பி.யில் எட்டில் ஒரு பங்கு எடுக்கும். டாக்ஸிக் முதல் சுற்றில் பதினாறில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று ஏறும். முதல் இரண்டு சுற்றில் டாக்ஸிக் பின்தங்கும். மூன்றாவது சுற்றில் இரண்டும் 6/16 என்று சமம். அதன் பிறகு பிடிக்கவே முடியாது: ஐந்தாவது சுற்றில் 15/16, ஆறாவதில் ஆள் காலி. சாதாரண நஞ்சுக்கு எட்டு சுற்று வேண்டும். எதிராளி அந்தப் போக்கிமானை உள்ளே இழுத்து வேறொன்றை அனுப்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் டாக்ஸிக் ஏறிய எஃகு நான்காம் சுற்றுக்கு மேல் களத்தில் நிற்கத் தயங்கும். அப்படி அதை வெளியே தள்ளுவதுதான் சலாசிலின் நிஜ வேலை.

கடைசியாக, நிறம் மாறிய ஷைனி சலாசில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு. ஷைனி கிடைக்க வாய்ப்பு 4096இல் ஒன்று, அதுவும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றால் எட்டால் பெருக்கி 32,768இல் ஒன்று. ஷைனி சார்ம் கையில் இருந்தால் 4096இல் மூன்று ஆகும். அதோடு க்யூட் சார்ம் ஜிக்ளிபஃப்பை முன்னால் நிறுத்தினால் மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டும். மூன்றும் மூன்றும் அடிபட்டு 2048இல் ஒன்று மிஞ்சும். பாதிக்குப் பாதி வாய்ப்புக்கே ஏறத்தாழ 1420 சலாண்டிட் பார்க்க வேண்டும். செமஸ்டர் லீவில் ஆரம்பியுங்கள்.