தாழி உடைந்தது, தோஷமா?

கேள்வி: தோட்டத்தில் வாழைக்குக் குழி எடுத்தபோது பெரிய பானை ஒன்று உடைந்தது. உள்ளே எலும்பு, பல், கறுத்த உமி. வயதானவர்களை உயிரோடு வைத்து மூடிய தாழி அது, தொட்ட குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார். பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டார்கள். தூக்கமே வரவில்லை.
– எம்.எஸ்., ஏரல்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்த எலும்பில் நோய்க்கிருமி உயிரோடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். ஓட்டுச்சில் கீறியிருந்தால் மட்டும் டி.டி. ஊசி போடுங்கள். அது மண்ணுக்காக, தாழிக்காக அல்ல.

மாமியார் சொல்வது ஊர் ஊராகச் சொல்லப்படும் கதைதான். எலும்புகள் வேறு சொல்கின்றன. பல தாழிகளில் மண்டையும் தொடை எலும்பும் இருக்கும். சின்னஞ்சிறு விரல் எலும்புகள் காணாது. உடலை வேறிடத்தில் கிடத்தி, சதை கழன்றபின் பொறுக்கி வைத்திருக்கிறார்கள் (இரண்டாம் நிலை அடக்கம்). பொறுக்கி வைத்த எலும்பை உயிரோடு மூடுவது எப்படி? முழு உடலாக வைத்ததும் உண்டு. ஆதிச்சநல்லூரில் இரண்டு வகையும் கிடைத்தன. புதைக்கப்பட்டவர்கள் எல்லாரும் வயதானவர்களும் அல்ல. எலும்பில் வயதும் தெரியும்: கை, கால் எலும்பின் முனைகள் இன்னும் ஒட்டாமல் இருந்தால் அது வளர்கிற பிள்ளை. கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டில் 2020இல் ஒரு குழந்தையின் எலும்புக்கூடே வெளிவந்தது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த உமிதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. உங்கள் பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லுமியைக் கரிமக் கணிப்புக்கு (மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது காண்பது) அனுப்பியபோது, கி.மு. 1155 என்று விடை வந்தது. பழனியை அடுத்த பொருந்தலில் கிடைத்த நெல் கி.மு. 490. பல்லும் லேசுப்பட்டதல்ல. பற்காரையில் (பல்லில் படிந்து கல்லாகிப்போன அழுக்கு) உண்ட உணவின் மாவுத்துகள் சிக்கியிருக்கலாம். எனாமலில் குறுக்குக் கோடு இருந்தால், அவர் சிறு வயதில் பட்டினியோ கடும் நோயோ கண்டவர்.

ஆகவே எதையும் கழுவாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்த பல்லைக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். இனி வெறுங்கையால் தொட வேண்டாம், நம் மரபணுவும் அதில் ஒட்டிக்கொள்ளும். தாழிக்குள் இருக்கும் மண்ணையும் கொட்டாமல் சாக்குப் போட்டு மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுதிக் கொடுங்கள். தொல்லியல் துறையினர் அந்த மண்ணை நீரில் கரைப்பார்கள். கருகிய விதைகள் மேலே மிதந்து வரும்.

மாமியாருக்கு மனம் ஆறவில்லை என்றால் ஒரு விளக்கு ஏற்றட்டும், தவறில்லை. ஆனால் தாழியைவிட்டுத் தள்ளி ஏற்றச் சொல்லுங்கள். புதுக் கரி உள்ளே விழுந்தால் காலக்கணிப்பு குழம்பிவிடும்.