தேனும் நீரிழிவும்

மேல்நிலை முதலாமாண்டு உயிரியல் பிரிவு மாணவியர்

"தேன் மருந்துதானே கண்ணு, அது என்ன செய்துவிடப் போகிறது?"

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி இப்படித்தான் கேட்டாராம். நீரிழிவு நோய் கண்ட நாள் முதல் சர்க்கரையை அறவே விட்டவர் அவர். உறவினர் ஒருவர் ஒரு புட்டி மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்து, "சுத்தமான தேன் சர்க்கரைக்காரர்களை ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் காலையில் வெந்நீரிலும், மாலையில் சுக்குக் காப்பியிலும் இரண்டிரண்டு தேக்கரண்டி தேன். 'மருந்துதான் உள்ளே போகிறதே' என்று மாத்திரையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு 7.4 சதவீதத்திலிருந்து 8.9 சதவீதமாக ஏறியிருந்தது. நல்லவேளையாக மருத்துவர் உடனே கண்டுபிடித்தார்.

இதைக் கேட்டதும் தேனுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிப் படித்தோம். அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று கூறுகிறது. ஆகவே இது ஒரு பாட்டியின் கதை மட்டுமன்று.

தேன் என்பது யாது?

பூவில் உள்ள இனிப்பு நீரைத் தேனீ உறிஞ்சித் தன் தேன்பையில் கொண்டுவருகிறது. அதன் உடலில் சுரக்கும் நொதி, அந்த இனிப்பை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளாகப் பிரிக்கிறது. பின்னர் தேனீக்கள் சிறகால் விசிறி நீரை வற்றச் செய்கின்றன. இவ்வாறு விளைந்த தேனில் ஏறக்குறைய 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் நீர். பிற சர்க்கரைகளையும் கூட்டினால், தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. தாதுக்களும் நறுமணப் பொருள்களும் மிகச் சிறிய அளவில்தான் உள்ளன.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை சுமார் 4 கிராம். தேனோ கனமானது, அதே கரண்டியில் சுமார் 7 கிராம் பிடிக்கும். அதில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 6 கிராம்! அப்படியானால் பாட்டி நாள்தோறும் அறியாமல் உட்கொண்ட சர்க்கரை 24 கிராம். தேன் கலப்படமற்றதா என்று பார்க்க நீரில் விட்டும், தாளில் தடவியும் சோதிப்பார்கள். அது கலப்படமற்ற தேனாகவே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறப் போவதில்லை.

ஆய்வுகள் கூறுவன

ஃபிரக்டோஸ் மிகுந்திருப்பதால், பல வகைத் தேன்கள் இரத்தச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையைவிடச் சற்றே மெதுவாக ஏற்றுகின்றன. பூவுக்குப் பூ இது வேறுபடும். ஆனால் மெதுவாக ஏற்றுவது வேறு, குறைப்பது வேறு. ஈரானில் 48 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2009இல் வெளியான ஆய்வில், 8 வாரம் தேன் உண்டவர்களுக்கு உடல் எடையும் கொழுப்பும் குறைந்தன. ஆயினும் சர்க்கரையின் சராசரி அளவு உயர்ந்துவிட்டது. 2022இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தார் 18 சோதனைகளைத் தொகுத்து, தேனால் நன்மை உண்டு என்று எழுதினார்கள். ஆனால் அச்சோதனைகளில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் நல்ல உடல்நலம் உடையவர்கள். அவர்களுக்குப் பொருந்துவது நோயாளிக்கும் பொருந்தும் என்று கொள்ளலாமா?

கூட்டில் கிடைக்கும் பிற பொருள்கள்

மரப்பிசினைச் சேர்த்துத் தேனீக்கள் கூட்டின் இடுக்குகளை அடைக்கின்றன. இத்தேனீப் பிசினில் சர்க்கரை மிகக் குறைவு. இதனைச் சில மாதங்கள் உட்கொண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஜப்பானில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்விலோ அது குறையவில்லை. மரத்துக்கு மரம் பிசின் மாறுவதால் எல்லா மாத்திரையும் ஒன்றாக இருப்பதில்லை. மேலும், இவ்வாய்வுகள் சிறியவை. ராணித் தேனீயின் உணவாகிய அரசக்கூழும், மகரந்தமும், பிசினும் சிலருக்கு ஒவ்வாமையை, ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் மூச்சுத்திணறலைக்கூட உண்டாக்கும். ஆகவே 'இயற்கையானது' என்று விளம்பரம் சொல்வதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

தேன் உயிர் காக்கும் நேரம்

அப்படியானால் தேன் பகையா? அன்று. இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். அப்போது நினைவோடு இருந்து விழுங்க முடிபவருக்கு ஒரு மேசைக்கரண்டித் தேன் கொடுக்கலாம். சில நிமிடங்களில் சர்க்கரை ஏறும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இறங்கிய சர்க்கரையை விரைவில் ஏற்றும் பொருள், ஏறிய சர்க்கரையை இறக்கும் மருந்தாக இருக்க முடியாது அல்லவா? எங்களுக்கு உண்மையை விளங்கவைத்தது இதுவே.

தோழியின் பாட்டி இப்போது மாத்திரையை முழு அளவில் உட்கொள்கிறார். தேன் புட்டி அலமாரியில் இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும். அண்மையில் எடுத்த பரிசோதனையில் அளவு மீண்டும் இறங்கத் தொடங்கியிருக்கிறது.

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பது முன்னோர் வாக்கு. நீரிழிவு உள்ளவர் தேன் உண்ண விரும்பினால் அதைச் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அன்புத் தோழியரே, நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவுரையைவிட அன்புக்கே செவிசாய்ப்பார்கள். இன்று மாலை அவர்கள் அருகில் அமர்ந்து, இந்தத் தேக்கரண்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுவோமா?